அசையாமல் பத்து நிமிடம்

2023 மார்ச் 12, ஞாயிறு, பகல் 11.40. செங்கல்பட்டுக்குத் தெற்கே ஓர் ஆய்வுக்கூடம். ஸ்கேனர் அறைக்குள் அவள் நுழைந்ததும் நான்கு டியூப்லைட்டுகளும் தாமாக எரிந்தன.

அணைக்கச் சுவரைத் தடவினாள். சுவிட்ச் இருந்த இடத்தில் வெள்ளை மூடி.

மேலே, எட்டாத உயரத்தில், புதிதாக ஒரு சிறு குமிழ். அவள் அசையும்போதெல்லாம் அது சிவப்பாகச் சிமிட்டியது.

நெஞ்சோடு அணைத்திருந்த கறுப்புப் பைக்குள், எலக்ட்ரான் பட்டால் தடம் பதியும் தகடு இருந்தது.

கயிறுபோல் முறுக்கிய லேசர் ஒளி. அதன் நடுவில் எலக்ட்ரான்களைப் பிடித்து, சிதறவிடாமல் முன்னால் தள்ள வேண்டும். மூன்று வருடங்களாக அதுதான் வேலை. இந்த வாரம் லேசரை நாற்பது முறை சுட்டாள். நாற்பது முறையும் சிதறின.

நாற்பத்தொன்றாவது, அரைமணி முன்பு. மீட்டர் இதுவரை காட்டாத எண்ணைக் காட்டியது. சிதறாமல் வந்திருந்தால் தகட்டில் ஊசிமுனையளவு ஒரே புள்ளி விழுந்திருக்கும்.

கண்ணுக்குத் தெரியாத புள்ளி. இருட்டில் ஸ்கேனருக்குள் வைத்தால்தான் தெரியும். வெளிச்சம் பட்டால் அழிந்துவிடும். பைக்குள்ளேயே கிடந்தாலும் நேரம் ஆக ஆக மங்கும்.

நாளை முதல் லேசர் வேறு குழுவுக்கு. அடுத்த முறை நவம்பரில். அவளுடைய ஆராய்ச்சி உதவித்தொகை மே மாதத்தோடு முடிகிறது.

எலக்ட்ரீஷியன் பெத்துராஜை அழைத்தாள். அந்தப் பக்கம் மேளச் சத்தம்.

“அதுவா மேடம்? வெள்ளிக்கிழமைதான் மாட்டினோம். கரண்டு மிச்சம் பண்ணணுமாம், மேலேருந்து ஆர்டர்.”

“மெயினை இறக்கினா ஸ்கேனரும் போயிடும்ண்ணா. ஏணி எங்க?”

“ஏணி ரூம் சாவி என் பாக்கெட்லல்ல இருக்கு! நான் சாத்தூர்ல இருக்கேன், அக்கா பேத்திக்குக் காதுகுத்து.” சிரித்தார். “ஒண்ணும் வேணாம் மேடம். ஆடாம அசையாம உக்காருங்க. ஆளே இல்லன்னு நெனச்சு பத்து நிமிஷத்துல அதுவா அணைஞ்சிரும்.”

போனை ஸ்கேனர் அருகே வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

மூக்கு அரித்தது. விட்டுவிட்டாள்.

புள்ளி மங்கிக்கொண்டிருந்தது.

விளக்குகள் அணைந்தன.

ஜிப்பை ஒவ்வொரு பல்லாக இறக்கினாள். தகட்டை வெளியே எடுத்தாள். ஸ்கேனரை நோக்கிக் கையை நகர்த்தினாள், நகர்வதே தனக்குத் தெரியாத அளவுக்கு.

குமிழ் சிமிட்டவில்லை.

இன்னும் ஒரு சாண்.

போன் ஒளிர்ந்தது. திரையில் பெத்துராஜ்.

வெளிச்சம் நேராகத் தகட்டில் விழுந்தது.

வெடுக்கென்று கையை இழுத்தால் நான்கு டியூப்லைட்டும் எரியும்.

இழுக்கவில்லை.

மணி முழுதாக அடித்து ஓய்ந்தது. மறுபடி இருட்டு. அவள் மூச்சு விட்டாள்.

அவர் இரண்டாம் முறையும் அழைத்தார்.

திங்கள் காலை அவள் பதிவேட்டில் நாற்பத்தொன்றுக்கு எதிரே ‘படம் இல்லை’ என்று எழுதினாள். பெத்துராஜ் ஏணியோடு வந்தார். ஒரு பொட்டலத்தில் காதுகுத்து வீட்டு லட்டு.

“நேத்து ரெண்டு தடவ அடிச்சேன், எடுக்கல. லைட்டு அணைஞ்சிச்சா மேடம்?”

“அணைஞ்சுதுண்ணா” என்றாள்.