உளுந்துக்கு ஒரு சுருதி

மணி பத்தரை ஆகியும் கிரைண்டர் ஓடவில்லை.

தாணு கிட்டாரை மடியில் வைத்தபடி சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். சுவருக்கு அந்தப் பக்கம் செல்லத்தாயக்கா வீடு. அஞ்சுகிராமத்துக் கடைகளில் பாதிக்கு இட்லி மாவு அங்கிருந்துதான் போகிறது. ஒன்பதரைக்கு உளுந்து, பத்தரைக்கு அரிசி. ஞாயிற்றுக்கிழமைகூடத் தப்பாது.

"எலே, இன்னும் எம்புட்டு நேரம்?" என்றான் சுயம்புராஜ்.

நாகர்கோவிலிலிருந்து மைக்கை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தவன் அவன். இரவல் மைக். சாயங்காலம் திருப்பிக் கொடுத்தாக வேண்டும்.

பன்னிரண்டு வருடமாகக் கல்யாண மண்டபங்களில் அடுத்தவர் போட்ட மெட்டுகளை வாசித்த கை தாணுவுடையது. சொந்தமாக ஒன்று இப்போதுதான் பிறந்திருந்தது. சுயம்புராஜ் தன் குறும்படத்துக்கு அதைக் கேட்டிருந்தான்.

அந்த மெட்டு பிறந்ததே கிரைண்டரால்தான்.

அதன் சத்தம் ஜி-க்கும் ஜி ஷார்ப்புக்கும் நடுவில், எந்தச் சுரத்திலும் சேராமல் இழுத்துக்கொண்டு கிடக்கும். வழக்கமான டியூனிங்கில் எந்தக் கார்டைப் பிடித்தாலும் அதனோடு மோதிக் கசந்தது. தாணு ஜன்னலை அடைத்துப் பார்த்தான். காதில் பஞ்சு வைத்துப் பார்த்தான். ஒருநாள் வெறுத்துப்போய், ஐந்தாவது கம்பியைத் தளர்த்தி, கிரைண்டரின் சுருதிக்கே கொண்டுவந்து நிறுத்தினான்.

மோதல் நின்றுவிட்டது.

பிறகு மற்றக் கம்பிகளையும் ஒவ்வொன்றாக அதன் வழிக்குக் கொண்டுவந்தான். இடது கை விரல் ஒன்றுகூட வைக்காமல் ஆறு கம்பியையும் மீட்டினால் முழுக் கார்டு எழுந்தது. அடியில் கிரைண்டர் தம்புரா மாதிரி நின்றது. இரண்டாவது கம்பியை மட்டும் அரைச் சுரம் ஏற்றிப் பார்த்தான். சந்தோஷமும் இல்லை, சோகமும் இல்லை. யாரோ வாசல் வரை வந்துவிட்டுக் கூப்பிடாமல் நிற்பது போல ஓர் ஒலி. அன்றைக்குச் சாப்பாடு மறந்துபோயிற்று.

அரிசி போட்டால் கிரைண்டர் சத்தம் ஒரு நூல் இறங்கும். ஆகவே மெட்டுக்கு இரண்டு பாகம். முதல் பாகம் உளுந்தில், இரண்டாம் பாகம் அரிசியில். நடுவில் செல்லத்தாயக்கா மாவு வழிக்கும் நேரம், மௌனம்.

இன்று மௌனம் மட்டும்தான் இருந்தது.

சுயம்புராஜ் போனில் ஏதோ ஒரு கிரைண்டர் சத்தத்தைத் தேடிப் பிடித்து ஓடவிட்டான். தாணு கம்பிகளை ஒருமுறை மீட்டினான். இருவர் முகமும் கோணியது.

"இது வேற கம்பெனி," என்று சொல்லிவிட்டு, தாணு கிட்டாரைக் கட்டிலில் வைத்து அடுத்த வீட்டுக்கு நடந்தான்.

செல்லத்தாயக்கா வாசல்படியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். பகலில் அவள் உட்கார்ந்து அவன் பார்த்ததே இல்லை. பக்கத்தில் இரண்டு வாளி உளுந்து ஊறி நுரை கட்டியிருந்தது.

"மெஷின் ஓடாது மக்கா. சத்தம் கூடுதலாம். ஆரோ மனு எழுதிப் போட்டிருக்கான்," என்று பேரூராட்சி நோட்டீசு ஒன்றை நீட்டினாள்.

விசாரணை முடியும்வரை இயந்திரத்தை இயக்கக் கூடாது என்றிருந்தது. பின்னால் மனுவின் ஜெராக்ஸ் பின் அடிக்கப்பட்டிருந்தது. தாணு அதைத் திருப்பிப் பார்க்கவில்லை.

"பக்கத்து வீட்டுக்காரன் ஒரு தொந்தரவும் இல்லன்னு எழுதித் தந்தா போதும்னு ஆபீசுல சொன்னாவ. உங்கிட்ட எப்படிக் கேக்கதுன்னு காலைல இருந்து..."

அவள் முடிக்கும் முன்பே அவன் பேனா கேட்டான்.

படியில் உட்கார்ந்து முழுப் பக்கம் எழுதினான். தனக்கு அணுவளவும் தொந்தரவு இல்லை. அந்தச் சத்தம் காதுக்கு இதமானது, சங்கீதத்துக்கு உகந்தது. அது நின்றுபோனால்தான் தொந்தரவு. கையெழுத்துப் போட்டு, கதவு எண்ணையும் எழுதிக் கொடுத்தான்.

செல்லத்தாயக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரிவரியாக வாசித்தாள். பிறகு நோட்டீசைத் திருப்பி, அந்த ஜெராக்ஸை அவன் கடிதத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். 'இப்படிக்கு, பாதிக்கப்பட்ட தெருவாசி' என்று அது முடிந்திருந்தது. பெயர் இல்லை.

"தொந்தரவுக்கு நீ புள்ளியே வைக்க மாட்டியா மக்கா?"

தாணு குனிந்து பார்த்தான். அவன் கடிதத்தில் மூன்று இடத்தில் 'தொநதரவு'. ஜெராக்ஸில் ஐந்து இடத்தில்.

போன மாசியில், கம்பியைத் தளர்த்துவதற்கு முந்தின வாரம், காதில் பஞ்சோடு உட்கார்ந்து அவனே எழுதிப் புகார்ப் பெட்டியில் போட்டது. இதையெல்லாம் எவன் படிக்கப்போகிறான் என்று அன்றைக்கே மறந்தும்விட்டான்.

"அக்கா..." என்று ஆரம்பித்தான். காது மடல் சுட்டது.

அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் விரலிடுக்கிலிருந்த பேனாவை வாங்கினாள். அவனுடைய புதிய கடிதத்தில் மட்டும், மூன்று இடத்திலும், புள்ளியை அழுத்தி வைத்தாள்.

"இப்ப ரெண்டும் ரெண்டு ஆளு எழுதினதாக்கும்," என்றாள். "உளுந்து புளிக்கதுக்கு முன்ன நீயே ஆபீசுல கொண்டு குடுத்துட்டு வா."