முன்னால் இரண்டு காலி பைட்

"மறுபடியும் திருப்பி அனுப்பிட்டியா?"

அலுவலகம் முழுக்கக் காதில் விழும்படி கேட்டான் 'சிக்கனம்'. நினைவகத்தில் ஒரு துளி வீணானாலும் பொறுக்க மாட்டான் என்பதால் சக ஊழியர்கள் வைத்த பெயர். எதிர் மேஜையில் உட்கார்ந்து அவன் எழுதும் புரோகிராம்களைச் சரிபார்ப்பவள், அவனுடைய மனைவி.

"இங்க நான் உன் பொண்டாட்டி இல்ல, ரிவியூவர். அந்த ரெண்டு பைட்டைப் பழையபடி போடு, பாஸ் பண்றேன்."

"உன் வாயிலேருந்து ஒரு 'நல்லாயிருக்கு' வராதே! நீயும் எங்கப்பாவும் ஒரே ரகம். முதன்முதலா நான் டிரைவர் புரோகிராம் எழுதின இன்டர்நெட் பெட்டியை ஆசையா கொண்டுபோய்க் கொடுத்தேன். 'இதை எங்கடா வைக்கிறது?'ன்னார். அதோட சரி."

"ஆரம்பிச்சுட்டியா உன் புராணத்தை?"

விஷயம் இதுதான். இணையத்தில் வந்து சேரும் ஒவ்வொரு தகவல் பொட்டலத்தையும் நெட்வொர்க் கார்டு நினைவகத்தில் இறக்கி வைக்கும். பொட்டலத்தின் மேலுறை பதினான்கு பைட். உள்ளே இருக்கும் சரக்கு, நான்கால் வகுபடும் இடத்தில் தொடங்கினால்தான் பிராசசருக்குப் படிக்க வசதி. அதனால் கார்டை ஓட்டும் டிரைவர் புரோகிராம், முன்னால் இரண்டு பைட்டைக் காலியாக விட்டுவிடும். பதினாறாகிவிடும், எல்லாம் சுபம்.

புது பிராசசர்கள் இந்த ஆசாரமெல்லாம் பார்ப்பதில்லை. பழையவை அப்படியல்ல, சரக்கு கோணலாக உட்கார்ந்தால் முரண்டு பிடித்து நின்றேவிடும்.

சிக்கனம் அந்த இரண்டு பைட்டையும் தூக்கிவிட்டான். புது பெட்டிகளில் கார்டு பறந்தது. மாலையில் வெளியாகும் புது மென்பொருள் பதிப்பில் அதைச் சேர்த்தே தீர வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றான்.

"உலகத்துல யார்கிட்ட இருக்கு அந்தப் பழைய பெட்டி? ஒருத்தரைக் காட்டு!"

"ஒரே ஒருத்தர்கிட்ட இருக்கு. உன்னோட மாத்தத்தைச் சோதனைக்கு அவர் பெட்டிக்கு அனுப்பினேன். காலையிலேருந்து பெட்டி படுத்துக் கிடக்கு."

"புதுசு ஒண்ணு கொடுத்துட்டுப் போக வேண்டியதுதானே?"

"கொடுத்தாச்சு. மாட்ட மாட்டேங்கிறார்."

"கையில வெச்சுக்கிட்டே மாட்டலையா? சரியான கிறுக்கனா இருப்பான் போலிருக்கே!"

"மரியாதை, மரியாதை," என்றாள், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"நம்பரைக் கொடு. அந்தக் கிறுக்கன்கிட்ட நானே பேசறேன்."

அவள் கொஞ்சம் தயங்கினாள்.

"நீ வாயே திறக்கக் கூடாது. கேட்டுக்கிட்டு மட்டும் இரு."

எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டாள்.

"என்னம்மா, பெட்டி பிழைச்சுக்குமா?"

சிக்கனத்துக்குப் பிறந்ததிலிருந்து தெரிந்த குரல்.

"சாயந்திரத்துக்குள்ள சரியாயிடும் மாமா. பேசாம உங்க பையன்கிட்டயே சொல்லிடலாமே?"

"ஐயையோ, வேண்டாம்மா! தெரிஞ்சா, அந்தப் புதுசை மாட்டிட்டுத்தான் மறுவேலை பார்ப்பான். அவன் வர்றப்ப மட்டும் பழசை ஒளிச்சுட்டு, புதுசை எடுத்து வெச்சு ஒப்பேத்திக்கிட்டிருக்கேன்."

"பழசு மேல அப்படி என்ன மாமா பிரியம்?"

"அவன் முதன்முதலா செஞ்சதும்மா. எங்க வைக்கிறதுன்னே அன்னிக்குப் புரியல எனக்கு. உள்ளே நுழைஞ்சதும் கண்ணுல படுற மாதிரி, ஹால்ல வெச்சிருக்கேன்."

சிக்கனம் மனைவியின் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தான். சத்தம் வராமல், இரண்டு பைட்டையும் பழைய இடத்திலேயே வைத்தான்.

அப்பா இன்னும் பேசிக்கொண்டிருந்தார்.

"வர்றவங்க 'இது என்ன?'ன்னு கேட்டாத்தானேம்மா, 'என் பையன் பண்ணினது'ன்னு நான் சொல்ல முடியும்!"