ஈயப் பெட்டி

ஆவடி குவார்ட்டர்ஸில் மரியசூசையின் கண்ணாடி அலமாரியில் முதலில் டாங்கிகள்தான் இருந்தன. பகலில் தொழிற்சாலையில் செய்ததையே மாலையில் விரலளவுக்கு ஈயத்தில் வார்ப்பார். மகன் லூர்து பட்டாளத்தில் சேர்ந்ததும் சிப்பாய்களுக்கு மாறினார். பன்னிரண்டு பேர் வரிசையாக நின்றார்கள். மூன்றாமவனுக்கு மட்டும் லூர்துவின் கன்னத்து மச்சத்தை வைத்தார்.

இலங்கைக்குப் போன லூர்துவுக்குப் பதிலாக எண்பத்தெட்டில் தந்திதான் வந்தது. உடல் வரவில்லை. அதற்குப் பிறகு மரியசூசை ஒரு சவப்பெட்டியையும் அதைச் சுமக்க ஆறு பேரையும் வார்த்தார். உள்ளே வைக்க ஒன்றுமில்லை. வெறும் பெட்டியை மூடி, விளிம்பைச் சுற்றிலும் பற்றவைத்தார்.

கல்லறைத் திருநாளன்று காலனியே மெழுகுவத்தியோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போனது. போய் நிற்க ஒரு கல்லறை இல்லாத அவர் மனைவி ஜெயசீலி, அலமாரியைத் துடைக்கப் பெட்டியைக் கையில் எடுத்தாள்.

"இன்னாங்க, உள்ள இன்னாவோ உருளுது."

மரியசூசை வாங்கிப் பார்த்தார். பற்றவைத்த இடத்தில் கீறல்கூட இல்லை. கீழ்த்தட்டு வரிசையில் மூன்றாமவனின் இடம் காலியாக இருந்தது.

"தொறந்து பாருங்களேன்."

அவர் பெட்டியை மறுபடி அந்த ஆறு பேரின் தோளில் ஏற்றினார்.

"வாணாம் ஜெயசீலி. இம்மாத்தூண்டாச்சும் வந்து சேந்தானே."