இருநூற்றுப் பதினொன்றும் ஒன்பதும்

"சொல்றதை நான் நம்பறதில்லை தம்பி. கண்ணால பார்த்தாத்தான் நம்புவேன்" என்றார் லாரி கம்பெனி முதலாளி, கம்பெனி ஆப்பைப் பார்த்துக்கொள்ளும் இருவரில் ஒருவனிடம். "உன் பேர்ல இருநூத்திப் பதினோரு வேலை. அந்தப் பொண்ணு பேர்ல ஒன்பது. இனிமே ரெண்டு பேரை வச்சாக் கட்டுப்படி ஆகாது. யாரை அனுப்பறதுன்னு நீயே சொல்லு."

மூன்று மாதத்தில் கம்பெனி ஆப்பில் யார் எத்தனை மாற்றம் செய்தார்கள் என்ற பட்டியல் அவர் கையில் இருந்தது. அதற்கு அடியில், அந்தப் பெண்ணின் பெயர் போட்ட வேலைநீக்கக் கடிதம். முதலாளி மூட்டை சுமந்து மேலே வந்தவர். தூக்கிய மூட்டையை எண்ணித்தான் ஆளை எடைபோடுவார்.

"அவ நல்லா வேலை செய்வா ஐயா."

"எங்க செஞ்சா? நீ பொண்டாட்டியை ஆஸ்பத்திரியில சேர்த்துட்டு, அங்க உட்கார்ந்துக்கிட்டே இத்தனை செஞ்சிருக்க. கைகால் நல்லா இருக்கிறவளுக்கு என்ன கேடு? நாளைக்கு அவகிட்ட கடிதத்தைக் கொடுத்துடறேன்."

அவன் வெளியே போனான்.

மறுநாள் காலை, டிரைவர்கள் ஃபோனில் ஏற்றுவதற்காக ஆப்பைத் தயார் செய்தபோது அது எழும்பவே மறுத்தது. டிரைவர் ஏற்றும் சரக்கு அந்த ஆப் வழியாக எங்கோ இணையத்தில் இருக்கும் டேட்டாபேஸில் பதிவாக வேண்டும். பன்னிரண்டு மணிக்கு சிமெண்ட் ஆலை மேனேஜர் நேரில் வந்து பார்ப்பார். ஓடினால்தான் ஒப்பந்தம். இல்லையென்றால் இருபது லாரியும் ஷெட்டில்தான் நிற்கும்.

இருநூற்றுப் பதினொன்றுக்காரன் நாற்காலியை விட்டு எழுந்தான். "எனக்குப் பிடிபடலை ஐயா. அவளைப் பார்க்கச் சொல்லுங்க."

"நீயே கைவிட்டா, அந்த வாயில்லாப்பூச்சி என்னத்தைக் கிழிக்கப்போறா?"

வாயில்லாப்பூச்சி அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். திரையில் சிவப்பு எழுத்துகள் பக்கம் பக்கமாய் ஓடின.

"எனக்குப் புரியற மாதிரி சொல்லும்மா."

"டேட்டாபேஸோட பேசற பாகத்தை யாரோ புது வெர்ஷனுக்கு மாத்தியிருக்காங்க சார். லாகின் பாகம் பழசுலயே நிக்குது. ரெண்டும் ஒரே அடிப்பாகத்து மேலதான் உட்காரணும். இது புது அடிப்பாகம் கேக்குது, அது பழசுதான் வேணுங்குது."

"ஒரே அச்சுல ரெண்டு அளவுச் சக்கரம்."

"அதேதான் சார். ரெண்டும் ஒத்துப்போன பழைய வெர்ஷன் நம்பர் எனக்குத் தெரியும்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

அவள் விரல்கள் ஒரு கணம் நின்றன. "பார்த்திருக்கேன் சார்."

நம்பரை மாற்றினாள். இனி யார் தொட்டாலும் வெர்ஷன் தானாக ஏறாதபடி பூட்டினாள். பதினொன்றரைக்கு வாசலில் நின்ற டிரைவர் தன் ஃபோனில் நானூறு மூட்டை என்று தட்டினார். மேசைத் திரையில் அதே நானூறு வந்து விழுந்தது.

முதலாளி அவள் பக்கம் திரும்பினார். "இருபது வீட்டு அடுப்பு அணையாம காப்பாத்திட்டம்மா. உன்னைப்போய் வெட்டி ஆளுன்னு நினைச்சேன் பாரு."

சட்டைப்பையிலிருந்த கடிதத்தை எடுத்து அவள் பெயரை அடித்தார். "வெர்ஷனை ஏத்தி விட்டவன் எவன்? அவன் பேரை இதுல எழுதறேன்."

"போகட்டும் விடுங்க சார்."

அவள் கை திரையை மறைப்பதற்குள் அவர் குனிந்துவிட்டார். இன்று காலை ஆறு மணிக்கு நடந்த மாற்றம். செய்தவன் இருநூற்றுப் பதினொன்றுக்காரன். பக்கத்திலேயே ஒரு குறிப்பும் எழுதி வைத்திருந்தான்.

'கடிதத்துல என் பேரைப் போட்டுக்குங்க ஐயா. நேத்து வாயால சொல்லியிருந்தா நீங்க நம்பியிருக்க மாட்டீங்க. என் மனைவி பிழைச்சு எழுந்திருக்கிற வரைக்கும் நான் அவ கட்டில் பக்கத்துலயே இருந்தேன். என் பேர்ல ஏறின இருநூத்திப் பதினொண்ணும் அந்தப் பொண்ணு செஞ்சு கொடுத்தது, நானா செஞ்சது இது ஒண்ணுதான்.'