கழுத்தளவு மணலில்

இத்தாலியின் கிராடோ கடற்கரையில் மூட்டுவலிக்கு மணல் குளியல்தான் மருந்து. எழுபது வயது துல்லியோவைப் படுக்கவைத்து, கழுத்துவரை சூடான மணலால் மூடி, தலைக்கு ஒரு குடையும் நட்டுவிட்டுப் போயிருந்தார்கள். பக்கத்துக் குழியில் இன்னொருவர், முகத்தில் தொப்பியைக் கவிழ்த்துக்கொண்டு.

“உங்களுக்கா மூட்டுவலி? நேத்து பழைய ஊர்ச் சந்துல முயல் மாதிரி ஓடுனீங்களே!” என்றார் தொப்பிக்காரர்.

“பாத்துட்டீங்களா அண்ணே! நெரினா ‘எப்போ கல்யாணம்’னு கேட்டா. அந்த வார்த்தை காதுல விழுந்தா என் கால் தானா ஓடிரும். பதினோரு வருஷமா ஓடுறேன், மூட்டு தேயாம என்ன செய்யும்?”

“அவங்களைப் பிடிக்கலையா?”

“பிடிக்காமலா! அவ வைக்கிற மீன் குழம்பு இல்லேன்னா நான் என்னைக்கோ செத்திருப்பேன். அவ சிரிச்சா ஊர்க் கோயில் மணியெல்லாம் தானா அடிக்கும். ஆனா சாமியார் முன்னாடி போய் நிக்கணும்னு நெனச்சாலே நடுங்குது.”

“நிக்க வேணாம். படுத்துக்கிட்டே சொன்னாப் போதும்.”

அவர் தலையை ஓர் உலுக்கு உலுக்க, தொப்பி விலகியது. ஊர்த் தேவாலயத்துக்குப் புதிதாக வந்திருக்கும் பங்குச் சாமியார்!

துல்லியோ துள்ளி எழப் பார்த்தார். புருவம் மட்டும்தான் அசைந்தது.

பின்னாலிருந்து ஒரு கைக்குட்டை வந்து அவர் நெற்றி வியர்வையை ஒற்றியது.

“எல்லாம் கேட்டீங்களா சாமி?” என்றாள் நெரினா.

“மணி அடிச்சதுவரைக்கும் கேட்டேம்மா. சனிக்கிழமை கோயில் காலியாத்தான் இருக்கு.”

“சொல்லுங்க துல்லியோ, சம்மதமா? இல்ல, இன்னும் ரெண்டு கூடை மணல் போடச் சொல்லட்டுமா?”

அந்தக் கேள்வியைத் துல்லியோ முதல்முறையாக ஓடாமல் கேட்டார். அப்படியொன்றும் பயமாக இல்லை.

“சம்மதம் நெரினா. மூக்கு ரொம்ப நேரமா அரிக்குது, கொஞ்சம் சொறிஞ்சு விடேன்.”