கண்ணாடி அறைக் கட்டுரை

“இதை நான் எழுதலை மேடம். இப்பதான் மொத தடவையா பாக்கறேன்” என்றான் டெஷான்.

ஒழுங்கு அதிகாரி லெனோரா ப்ரூயிட் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். எதிரே பல்கலைக்கழக அமெரிக்கக் கால்பந்து அணியின் முரட்டுத் தடுப்பாட்டக்காரன் டெஷான். அவன் பக்கத்தில் பயிற்சியாளர் ரஸ்க். மூலை நாற்காலியில், வீரர்களுக்குப் பாடம் சொல்லித் தரும் கோரின்.

விளையாட்டு வீரனுக்குப் பாடம் சொல்லலாம்; அவனுக்காக எழுதிக்கொடுக்கக் கூடாது. கீபோர்டில் விரல் பட்டாலே வேலை போய்விடும். அதற்காகவே பயிற்சி அறைகளுக்கெல்லாம் கண்ணாடிச் சுவர் வைத்திருந்தார்கள். பத்து வருஷமாகக் கோரின் மடியில் கையைக் கட்டிக்கொண்டுதான் பாடம் நடத்துகிறாள். அவளை மற்றவர்கள் கேலி செய்வதே அதற்காகத்தான்.

“உன் பேர்லதான் போன மாசம் இந்தக் கட்டுரை வந்திருக்கு. வகுப்புல பேராசிரியர் இதைப் பத்திக் கேட்டப்ப முழிச்சியாம். அப்ப யார் எழுதினது?” என்றார் ப்ரூயிட்.

“தெரியாது மேடம்.”

“படி.”

டெஷான் தாளை எடுத்து எழுத்துக் கூட்டாமல் வாசித்தான். ஆற்றங்கரை, அப்பா, கலங்கிய தண்ணீருக்குள் கைவிட்டுக் கெளுத்தி பிடிப்பது. மீன் சிக்குவதற்கு முன்னால் அப்பா மூச்சை உள்ளே இழுத்து ஒரு சீட்டியடிப்பார் என்ற வரி வந்ததும் அவன் குரல் நின்றுவிட்டது. ஆறரையடி உடம்பு சில்லிட்டதுபோலச் சுருங்கியது.

“இது எப்படி இங்க வந்துச்சு?” என்றான். “அப்பா செத்துப் போயிட்டாரு. அந்தச் சீட்டி எனக்கும் அவருக்கும் மட்டும்தான் தெரியும். நான் ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்லை.”

வெளியே மைதானத்தில் பேண்டு வாத்திய ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. சனிக்கிழமை பெரிய ஆட்டம். அந்த ஊரில் சனிக்கிழமைதான் திருநாள். ஞாயிற்றுக்கிழமைக் கர்த்தர்கூட அதற்கு அடுத்தபடிதான். அந்தச் சத்தத்திலும் அறைக்குள் ஏனோ குளிர்ந்தது.

“இவகிட்ட சொல்லியிருப்ப. அவ எழுதியிருப்பா” என்று ப்ரூயிட் கோரினைக் காட்டினார்.

டெஷான் திரும்பி அவளை உற்றுப் பார்த்தான். அந்நியரைப் பார்க்கிற மரியாதையான பார்வை.

“இவங்க யாரு மேடம்?”

ரஸ்க் தொடையில் தட்டிச் சிரித்துவிட்டார். “பாத்தீங்களா! எங்க பசங்க உசிரே போனாலும் ஆளைக் காட்டிக்கொடுக்க மாட்டாங்க. விடுங்க லெனோரா. பய ஏதோ பயந்து உளறுறான்.”

கோரின் டெஷானின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தில் நடிப்பு இருக்கிறதா என்று தேடினாள்.

ப்ரூயிட் பெருமூச்சு விட்டார். அவரும் அந்த ஊர்க்காரர்தானே.

“கோரின், ஒரே ஒரு கேள்வி. கண்ணாடி அறையில கீபோர்டு இவன் கையிலதான் இருந்துச்சுன்னு போறவங்க வர்றவங்க எல்லாரும் சொல்றாங்க. நான் எழுதலைன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா இதோட முடிஞ்சுது. இவன் வேற ஒண்ணு எழுதித் தரட்டும். சனிக்கிழமை ஆடட்டும்.”

“எழுதினேன்னு சொன்னா?”

“என்ன கேள்வி இது? உங்க வேலை போயிடும். இனிமே எந்தக் காலேஜும் உங்களைச் சேத்துக்காது. இவன் உதவித்தொகைக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா இந்த வருஷம் பூரா மைதானத்துல கால் வைக்க முடியாது.”

“சொல்லும்மா, எழுதலைன்னு சொல்லு” என்றார் ரஸ்க் பதற்றமாக. “நாலு எழுத்து. சொல்லிட்டுப் போய் காபி குடி.”

டெஷான் கோரினைப் பார்த்துச் சிரித்தான், யாரென்று தெரியாதவரிடம் சும்மா சிரிப்பதுபோல.

“நான்தான் எழுதினேன்” என்றாள். “ஒரு வார்த்தை விடாம எல்லாமே நான்தான்.”

ரஸ்க் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். “பைத்தியமா உனக்கு? ஆனை தன் தலைல தானே மண்ணை வாரிப் போட்டுக்கற மாதிரி! பயலோட வருஷத்தையே நாசம் பண்ணிட்டியேடி பாவி!”

“வேலியே பயிரை மேஞ்சிருக்கு” என்றார் ப்ரூயிட், வருத்தத்தோடு. “உங்களை நான் நம்பியிருந்தேன் கோரின். அடையாள அட்டையைக் குடுத்துட்டுப் போங்க.”

கழுத்திலிருந்து அட்டையைக் கழற்றி மேசையில் வைத்தாள். அந்த வேலை அவளுக்கு உயிர். வெளியே வந்தாள்.

தாழ்வாரத்தில் பின்னால் கனத்த காலடி கேட்டது. டெஷான்தான். அவன் முகத்தில் கோபமில்லை, திகில்தான் இருந்தது.

“மேடம், ஒரு நிமிஷம். நிஜமாச் சொல்லுங்க. எங்க அப்பாவை உங்களுக்கு எப்படித் தெரியும்?”

கோரின் அண்ணாந்து அவன் தலையைப் பார்த்தாள். அந்தக் கட்டுரையின் ஒவ்வொரு எழுத்தையும், அவள் எதிரே உட்கார்ந்து, அழுதுகொண்டே தட்டியவன் அவன்தான். போன ஆட்டத்தில் தலையில் அடிபட்டதிலிருந்து பையனுக்கு நினைவு தப்புகிறது என்று அவள் இரண்டு முறை போய்க் கெஞ்சியபோதும், ‘சீசன் முடியட்டும், பார்க்கலாம்’ என்று அணியின் மருத்துவர் அனுப்பிவிட்டார்; சனிக்கிழமை அந்தத் தலை இன்னொரு அடி வாங்காமல் இருக்க, செய்யாத திருட்டை ஒப்புக்கொள்வதைத் தவிர அவளுக்கு வேறு வழி தெரியவில்லை.