இங்கே மட்டும் காட்டாதே

“இது எதுக்குடி?”

மனைவி தமிழ்செல்வியின் போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டினான் விமல்ராஜ். எல்லாத் தளங்களிலும் பாஸ்வேர்ட் தானாக வந்து நிரம்பும்படி வைத்திருந்தவள், ஒரே ஒரு தளத்தில் மட்டும் அது தலைகாட்டாமல் தடுத்திருந்ததை செட்டிங்ஸ் காட்டியது. மறுமணத்துக்கு வரன் தேடும் தளம்!

“நான் உயிரோட இருக்கறப்பவே அடுத்தவன் கேக்குதா? கெளம்பு உங்க அம்மா வீட்டுக்கு!”

“வாசல்ல நின்னு கத்தாதீங்க. கிரிவலம் போறவங்கல்லாம் திரும்பிப் பாக்கறாங்க. உள்ள அண்ணி வேற இருக்காங்க.”

“கேக்கட்டும்! எங்க அக்காவும் உன் லட்சணத்தைத் தெரிஞ்சுக்கட்டும்.”

தமிழ்செல்வி போனை வாங்கித் தடையை நீக்கினாள். பெயரும் பாஸ்வேர்டும் தாமாக வந்து விழுந்தன. திறந்த பக்கத்தில் இருந்தது அக்கா தேன்மொழியின் படம். சின்ன வயதிலேயே கணவனை இழந்து, தம்பி வீட்டோடு வந்துவிட்ட அக்கா.

“உங்க கண்ணுல பட்டா மானமே போயிடும்னு அழுதாங்க. அதான் என் போன்ல பதிஞ்சு, மறைச்சு வச்சேன்.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?”

“நீங்களா ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?”

விமல்ராஜால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அவனுடைய முதல் மனைவி இறந்த மறு வருஷமே, ‘தம்பி தனியா நிக்கறானே’ என்று இதே தளத்தில் தேடித் தேடி, தமிழ்செல்வியைக் கட்டிவைத்தவள் அந்த அக்காதான்.